பட்டியலில் இல்லாத ராகம்

நான் ரிடையர் ஆன மறு திங்கட்கிழமை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கணவர், "ஆரம்பிச்சுடலாமா?" என்றார். எதை என்று எனக்குப் புரியவில்லை. பரணில் கிடக்கும் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலைக்கூட இழுத்து வந்துவிட்டேன். அவரோ பீரோவைத் திறந்து பெரிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களின் பெயர்களையும் வரிசையாக எழுதியிருந்தார்.

மேளகர்த்தா என்றால் தாய் ராகம். ஏழு சுரமும் ஏறி, ஏழு சுரமும் இறங்கும் அப்படிப்பட்ட ராகங்கள் கர்நாடக சங்கீதத்தில் எழுபத்திரண்டு. மற்ற ராகங்களெல்லாம் அவற்றுக்குப் பிறந்த பிள்ளைகள். "நான் எழுதறேன், நீ மெட்டுப் போடற. ராகத்துக்கு ஒண்ணு. எல்லாம் அம்பாள் பேர்ல. எந்த தம்பதியும் இதுவரைக்கும் பண்ணினதில்லை. உனக்காகத்தான் ரெண்டு வருஷமா காத்துண்டிருக்கேன்" என்றார். அவர் எனக்கு இரண்டு வருஷம் முன்னால் ரிடையர் ஆனவர். டிவி பார்க்கிறார், பேப்பர் படிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, மனிதர் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறார்.

"சந்தோஷம்தானே?" என்று கேட்டார்.

"சந்தோஷம்" என்றேன். ஸ்டூலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

அதற்கு முன்னாலும் நான் பாட்டுகள் செய்துகொண்டுதான் இருந்தேன். செம்பூரிலிருந்து ஆபீஸுக்குப் போகும் ஹார்பர் லைன் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மெண்டில், கைப்பையின் மேல் விரலால் தாளம் போட்டபடி மனதுக்குள்ளேயே செய்வேன். ரயில் சத்தத்தில் எனக்குத் தாளம் கேட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். கேட்கவில்லை. ரயில் எந்தத் தாளத்திலும் ஓடாது. குர்லாவில் காரணமே இல்லாமல் நிற்கும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் யாரும் என்னை எதுவும் கேட்காத ஓர் இடம். மூச்சுவிட இடமில்லாத அந்தப் பெட்டியில் எனக்கு அது கிடைத்தது. அப்படிச் செய்ததைச் சாயங்காலம் வீட்டுக்குப் பாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். யார் பாட்டு என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ரிடையர் ஆனதும் ரயில் போயிற்று. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். கிச்சனிலிருந்து பாத்ரூமுக்குப் போனாலும், பெட்ரூமிலிருந்து வாசலுக்குப் போனாலும் ஹாலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஹாலில் அவர் இருப்பார். மகள் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான், ஆனால் எனக்கென்னவோ லேடீஸ் கம்பார்ட்மெண்டைவிட அதுதான் நெரிசலாகப் பட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் கணவர் நல்லவர். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் எனக்கே வாய் கூசும். நான் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். மாட்டுங்காவில் ஒரு ஹாலில் இலவசமாகப் பாட்டு சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானாகவே நடந்துபோய்ச் சேர்ந்தேன். என் கணவரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மாட்டுங்காவிலேயே இருந்து ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸில் வேலை கிடைத்தது. ஆண்டுவிழாவில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றார். அவர் அப்பாவும் அம்மாவும் பல வருஷம் எங்களோடு பேசவில்லை. எனக்காக ஒரு வீட்டையே விட்டு வந்தவர். நான் எங்கே பாடினாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர்.

பிறகு எல்லாம் சமாதானமாகி, அவர் வீட்டார் வர ஆரம்பித்தபோது, "நம்மாத்துக்கு வந்தப்பறம்தான் இவளுக்கு சங்கீதம் இவ்வளவு விருத்தியாச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன், கரண்டியைக் கீழே போடாமல் பார்த்துக்கொண்டேன். இப்படி எனக்காக எல்லாவற்றையும் விட்டு வந்த மனிதரிடம், காபி ஆறுவதற்குள் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

வரிசையாகத்தான் போகவேண்டும் என்றார். ஆபீஸ்காரர் அல்லவா. அந்த வரிசையில் முதல் ஆறும் விவாதி ராகங்கள். விவாதியில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சுரங்கள் அடுத்தடுத்து வந்து இடித்துக்கொள்ளும். பாடுகிறவர் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தப்பிக்க வழி கிடைக்கும் என்றால் கொஞ்சம் நம்பினால்தான் என்ன? "விவாதி ராகம் வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். "நீயா இப்படிப் பேசற?" என்று சிரித்தார். அந்த வாரமே அவருக்குக் கடைவாய்ப் பல் கொன்றது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் பஞ்சோடு உட்கார்ந்து இரண்டாவது பாட்டை எழுதி முடித்தார்.

அவருடைய பாட்டுகளைப் பற்றி என்ன சொல்ல. பக்தியில் குறை சொல்ல முடியாது. வார்த்தைகள்தான், பீக் அவரில் தாதர் ஸ்டேஷன். மூச்சுவிட ஒரு நெடில்கூட இருக்காது. "அகிலாண்ட நாயகியே, அன்பர்க்குத் தாயகியே" என்று ஒரு வரி. தாயகி என்று ஒரு வார்த்தை கிடையாதே என்றேன். "நாயகி இருக்கறச்சே தாயகி இருக்கப்படாதா?" என்றார். மேளகர்த்தா பாட்டென்றால் ராகத்தின் பெயர் பாட்டுக்குள் எங்காவது வரவேண்டும் என்பது சம்பிரதாயம். ஜாலவராளி என்ற பெயரை அம்பாளின் மேல் எப்படி ஏற்றுவது என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஏற்றியும்விட்டார்.

நான் மெட்டுப் போட்டேன். சும்மா ஒப்புக்குப் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் கை அப்படிப் பழகவில்லை. அவர் வார்த்தைகளுக்கு நடுவில் இரண்டு எழுத்து இடைவெளி கிடைத்தாலும் அதில் ராகத்தைக் காட்டிவிடப் பார்ப்பேன். பாட்டு கொஞ்சம் கேட்கும்படி வந்துவிடும். அவருக்குத் தலைகால் புரியாது. உடனே என்னைப் பாடச் சொல்லி போனில் பிடித்து, மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று அவர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவார். கீழே அவர் பெயர், அதற்குக் கீழே மெட்டு என்று என் பெயர். அவர் வைத்த வரிசை இல்லை அது, எங்கள் சங்கீத உலகத்தின் வரிசை. வார்த்தை யாருடையதோ பாட்டு அவருடையது. மெட்டுப் போட்டவள் பாட்டுக்கு உடை தைத்துக் கொடுத்தவள், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஒரு பொந்து கிடைத்தது. அவர் பட்டியலில் தாய் ராகங்கள்தான் உண்டு, பிள்ளை ராகங்கள் கிடையாது. சஹானா ஒரு பிள்ளை ராகம். நேராக ஏறாது, நேராக இறங்காது, வளைந்து வளைந்துதான் போகும். எந்தக் கட்டத்திலும் அடங்காத அந்த ராகத்துக்கு அவர் வரமாட்டார் என்ற தைரியத்தில், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும்போது அதை எடுத்துக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஹாலுக்குக் கேட்காது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கவனிக்கவில்லை.

வார்த்தையும் நானே போட்டேன். "கொஞ்சம் இடம் கொடு அம்மா" என்று பல்லவி. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருத்தி வந்து நின்று "தோடா சர்கோ" என்பாள், கொஞ்சம் நகரு என்று. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் நகர்வார்கள். பாதி உடம்பு சீட்டில், பாதி வெளியே. அவ்வளவுதான் கிடைக்கும், ஆனால் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எத்தனையோ வருஷம் நான் நாலாவதாக உட்கார்ந்து வந்தவள். அதையே அம்பாளிடம் கேட்டேன். நகர்ந்துகொள், நானும் உட்காருகிறேன், நீ ஒன்றும் எழுந்திருக்க வேண்டாம் என்று. பாட்டு முடிந்த அன்று குழாயை மூடிவிட்டு வெறும் கிச்சனில் நின்றேன். இத்தனை வயதில் வார்த்தையும் மெட்டுமாக எனக்கே எனக்கென்று ஒன்று செய்துவிட்டேன்.

வாஷியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி இப்போது கச்சேரி செய்கிறாள். மாட்டுங்கா சபாவில் அவளுக்குக் கச்சேரி வந்திருந்தது. "மாமி, உங்க பாட்டு ஒண்ணு பாடணும். அங்கிளோட சேர்ந்து பண்ணினது நஹீ. ஒன்லி உங்களோடது" என்று போனில் கேட்டாள். நான் சாவதற்குள் ஒரே ஒரு பாட்டாவது, முழுக்க என்னுடையதாக, ஒரு சபையில் கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. வாஷிக்கு வந்து சொல்லித்தருகிறேன் என்றேன்.

செருப்பை மாட்டும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "நானும் வரேன். ஆத்துல தனியா என்ன பண்றது?"

அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு பாடினாள். நல்ல குரல். அனுபல்லவியில் நான் வைத்திருந்த ஒரு வளைவை அவள் இழைத்துப் பாடியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஸ்டேஷனில் கேட்டார். "மெட்டு உன்னோடது. சாஹித்யம்?"

"அதுவும் என்னோடதுதான்."

ரயில் மான்குர்ட் தாண்டியதும், "ரொம்ப நன்னா இருக்கு" என்றார். "ஆனா, அம்பாளைப் பாத்து நகந்து உக்காருன்னா சொல்லுவா? நாலு பேர் என்ன நினைப்பா? நான் கொஞ்சம் சரிபண்ணித் தரேன். நீ கவலைப்படாதே."

மறுநாள் காபியோடு தாள் வந்தது. "கொஞ்சம் இடம் கொடு அம்மா" என்றிருந்த இடத்தில் "அஞ்சும் இடர் களை அம்மா" என்றிருந்தது. அளவு பிசகவில்லை, எதுகைகூடச் சரியாக விழுந்திருந்தது. அவர் அதுவரை எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. என் பாட்டு தன் துணியைக் கழற்றிவிட்டு அவர் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நிற்பது போலிருந்தது. "அவளுக்கும் அனுப்பிட்டேன்" என்றார். நான் தோசைக்கு மாவு கரைத்தேன்.

மத்தியானம் என் தங்கையைப் பார்க்கப் போனேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் தாராவியில் சின்னதாக ஒரு தையல் கார்கானா வைத்திருக்கிறார்கள். என் கணவர் வழக்கம்போல் கூடவே வந்து, கீழே டீக்கடையில் என் தங்கை புருஷனோடு பேசிக்கொண்டிருந்தார். மாடியில் மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து தங்கையிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏக்கா, அத்தான் குடிக்காவளா?"

"இல்லட்டி."

"கைய கிய்ய நீட்டுதாவளா?"

"சீ, என்ன பேச்சு பேசுத?"

"பொறவு என்னக்கா? பாட்டுதான எழுதுதாவ. எழுதிட்டுப் போட்டும். இங்க அவனவன் குடிச்சிட்டு நாலாச் சாக்கடையில கெடக்கான். நீ குடுத்து வச்சவ."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. அடித்தால் ஊர் கேட்கும். பாட்டெழுதினால் யார் கேட்பார்? யாரிடம் போய், என் புருஷன் என்மேல் ரொம்பப் பிரியமாக இருக்கிறார், என்னைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். கச்சேரிக்கு வா என்று மட்டும் கூப்பிட்டேன். "எனக்கு அதெல்லாம் வெளங்காதுக்கா" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வாரேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மாணவி போன் செய்தாள். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, ப்ராப்ளம் ஆயிடுச்சு. அங்கிள் நயா சாஹித்யம் அனுப்பிச்சிருக்கார். நான் ஓகே அங்கிள்னு சொல்லிட்டேன். இப்ப க்யா கரூன்? எதைப் பாடட்டும்?"

அவள் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. பேப்பர் திருப்பும் சத்தம் நின்றுவிட்டது. பெட்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். அந்த வீட்டில் நாங்கள் பகலில் கதவைச் சாத்தியதில்லை. சாத்தினால் அதுவே பதில் மாதிரிதான். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தேன்.

"நான் சொல்லிக்கொடுத்ததைப் பாடு" என்றேன்.

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அவளுக்கு எது சௌகரியமோ அதைப் பாடட்டும்" என்று குரல் வந்தது. அன்று சாப்பிடும்போது இரண்டாம் முறை ரசம் கேட்கவில்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

கச்சேரியன்று மாட்டுங்காவில் கூட்டம் சுமாராக இருந்தது. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். தங்கை கடைசி வரிசையில், வேலையிலிருந்து நேராக வந்தவள், புடவையில் நூல் ஒட்டியிருந்தது. பிரதான ராகத்துக்கு முந்தி என் மாணவி மைக்கை இழுத்து, "அடுத்தது என் குரு பண்ணின பாட்டு" என்று சொன்னாள். பெயரும் சொன்னாள். சஹானாவை எடுத்தாள்.

"கொஞ்சம் இடம் கொடு அம்மா."

அரங்கம் கேட்டது. இரண்டாம் முறை பல்லவியைத் திருப்பியபோது, பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. என் தங்கை. அவளுக்கு ராகம் தெரியாது, ஆனால் பாண்டுப்பில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வீட்டுக்கு வாரம் தவறாமல் ரயிலில் போகிறவள். என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்போல இருந்தது. வயலின்காரர் அந்த வளைவைத் திருப்பி வாசித்தபோது கைதட்டல் வந்தது. அந்த ஐந்தாறு நிமிஷம் நான் எங்கேயும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் சபா காரியதரிசி நேராக வந்தார். என்னைத் தாண்டி என் கணவரின் கையைப் பிடித்தார். "பிரமாதம் சார்! எழுபத்திரண்டுக்கு நடுவுல சஹானாவும் எழுதியாச்சா?"

"இல்லை இல்லை" என்றார் அவர். "இது முழுக்க இவளோடது. சாஹித்யமும் இவதான்."

காரியதரிசி சிரித்தார். "சார் எப்பவும் இப்படித்தான். எல்லாத்தையும் மாமிக்கு விட்டுக்கொடுத்துடுவார்."

"நிஜமாத்தான் சொல்றேன். நான் ஒரு எழுத்துகூடப் போடலை."

"அந்த மனசு யாருக்கு வரும் சார்?" என்றார் காரியதரிசி. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என் கையைத் தடவி, "குடுத்து வெச்சவ நீங்க" என்றாள். என் கணவர் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார். வேர்த்து வழிய, கொஞ்சம் கோபமாகக்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் உயர்ந்துகொண்டே போனார். நான் அவர் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் அந்தப் பாட்டு வந்தது. கீழே யாரோ அவர் பெயரையும், அதற்குக் கீழே மெட்டு என்று என் பெயரையும் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு குழுவிலும் போய்த் திருத்தினார். பதிலுக்குக் கும்பிடும் கை பொம்மைகள் வந்து விழுந்தன.

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "நான் சொன்னேனே. நீ பாத்துண்டுதானே இருந்தே?" குரல் உடைந்திருந்தது. "இன்னும் நான் என்ன பண்ணணும்? சொல்லு, பண்றேன்."

கேட்டுவிட்டார். நானும் சொல்லிவிட்டேன். "எழுதறத நிறுத்திடுங்க. நீங்க எழுதற வரைக்கும் நான் எது செஞ்சாலும் அது உங்களோடதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கட்டம் போட்ட தாளை நான்காக மடித்தார். நாற்பது வரை வந்திருந்தோம். பீரோவில் வைத்துப் பூட்டினார். "சரி" என்றார்.

நிஜமாகவே நிறுத்திவிட்டார். மறுநாள் காபியோடு தாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீடு அமைதியாகிவிட்டது. இத்தனை நாளாய் நான் ஏங்கிய அமைதி. சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பெட்ரூமில் உட்கார்ந்தேன், எந்த ராகம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹாலில் அவர் டிவி பார்ப்பார், எனக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வெறும் வாயசைப்பைப் பார்ப்பார். பேப்பர் சத்தம் கேட்காமல் பக்கத்தைத் தூக்கித் திருப்புவார். கிச்சனுக்கு வந்து பீன்ஸ் நறுக்கட்டுமா என்று கேட்பார். நறுக்கி முடித்ததும் வேறு ஏதாவது இருக்கிறதா என்று நிற்பார். கீழே வாட்ச்மேனோடு பேசிவிட்டு வரேன் என்று போனவர், போன வேகத்தில் திரும்பி வருவார். இஸ்திரிக்காரர்கூட, சாஹிப் மெலிந்துவிட்டாரே என்று என்னிடம் கேட்டார்.

ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. நான் சுருதியைக் கேட்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ராகத்தில் ஒரு சங்கதிகூட வரவில்லை. சஹானாவை எடுத்தால் வெறும் சுரங்களாக வந்தது. எழுதும் ஆள் இருந்தபோது தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலாவது பாடினேன். இப்போது வீடு முழுக்க எனக்கு, ஆனால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் இவ்வளவு நல்லவராக இருப்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

நவராத்திரி கழிந்து ஒரு காலையில் அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அடுத்தது என்ன ராகம்?" என்று கேட்டேன்.

ஆமாம், நான்தான் கேட்டேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

"பாவனி" என்றார் சட்டென்று. நாற்பத்தொன்றாவது. அதுவும் விவாதி. பீரோவுக்குப் போகவில்லை. சட்டைப்பைக்குள் கை விட்டு மடித்த தாள்களை எடுத்தார். ஒன்றல்ல, மூன்று பாட்டு. மடிப்பு கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, கையால் நீவி என் பக்கம் தள்ளினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார் போலிருக்கிறது. தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், எனக்குச் சிரமம் வைக்காமல் அவரே சுருதிப் பெட்டியைப் போட்டார்.